ஓரமாகப் போகச் சொல்கிறார்கள், ஓரம் எங்கே? பாலக்காட்டு எல்லைச் சாலைகளில் சைக்கிளும் மோட்டாரும்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காடு போகும் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அதிகம் கேட்கிற பேச்சு "ஓரமாப் போ" என்பதுதான். டிப்பர் கிளீனர் சொல்வார், கார்க்காரர் கண்ணாடியை இறக்கிச் சொல்வார், புல்லட்டில் போகிற பையனும் சொல்வான். வயசானவர் என்றால் முன்னால் ஒரு "யோவ் பெருசு" சேரும், பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் "டேய்" சேரும். தமிழ்நாட்டு வண்டிக்காரர் தமிழில் சொல்வார், கேரளத்து வண்டிக்காரர் மலையாளத்தில் சொல்வார். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் இருக்கிற நமக்கு இரண்டும் நன்றாகவே புரியும்.

சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. சைக்கிள் மெதுவாகப் போகிற வண்டி, மெதுவான வண்டி இடது ஓரத்தில் போக வேண்டும், அதனால் வேகமான வண்டிக்கு வழி கிடைக்கும் என்பது அவர்கள் மனசில் இருக்கும் கணக்கு. அந்தக் கணக்கை அளவுகோலை வைத்துப் போட்டுப் பார்த்தால் உதைக்கிறது.

நம் பக்கத்து இருவழிச் சாலை ஒன்றின் தார்ப்பரப்பு, நல்ல சாலையாக இருந்தால், 7 மீட்டர். ஒரு திசைக்கு 3.5 மீட்டர். பஸ், லாரிக்கு மோட்டார் வாகன விதிகள் அனுமதிக்கும் உச்ச அகலம் 2.6 மீட்டர், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமல். மிச்சம் 90 சென்டிமீட்டர். சைக்கிள்காரர் தாரின் விளிம்பிலேயே, ஒரு விரல்கூட உள்ளே வராமல் சக்கரத்தை உருட்டிப் போகிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஹேண்டில்பாரின் வலது முனை அங்கிருந்து 30 சென்டிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். நடுக்கோட்டை ஒட்டி, கோட்டைத் தொடாமல் பஸ் போனால், ஹேண்டில்பாருக்கும் பஸ்ஸின் தகரத்துக்கும் நடுவில் 60 சென்டிமீட்டர்தான். கண்ணாடியைக் கழித்தால் அதிலும் குறையும். அதாவது சைக்கிள்காரர் எவ்வளவுதான் ஓரமாகப் போனாலும், பஸ் தன் பாதிக்குள் இருந்தபடியே அவரைப் பாதுகாப்பாகத் தாண்ட முடியாது. நடுக்கோட்டைத் தாண்டி வலது பக்கம் போய்த்தான் ஆக வேண்டும். வலது பக்கம் போவதென்றால் எதிரே வண்டி வரக்கூடாது. எதிரே வண்டி வந்தால் பின்னால் காத்திருக்க வேண்டும். கதை அவ்வளவுதான். ஓரமாகப் போவதால் இந்தக் காத்திருப்பு மிச்சமாவதில்லை. மிச்சமாவதாக ஒரு தோற்றம் மட்டும் வருகிறது, அந்தத் தோற்றத்தை நம்பித்தான் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் உரசிக்கொண்டு போகிறார்கள்.

இது 7 மீட்டர் சாலைக்கான கணக்கு. வண்ணாமடை, நாட்டுப்புனி பக்கமெல்லாம் கிளைச் சாலைகளில் அவ்வளவு அகலம் ஏது?

அப்புறம் அந்த ஓரத்தையே ஒரு தடவை குனிந்து பார்க்க வேண்டும். பழைய தாரின் மேல் புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார் என்று போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது, பக்கத்து மண் உயரவில்லை. அதனால் தார் முடியும் இடத்தில் நாலு விரல் ஆழத்துக்கு ஒரு படி. விளிம்பு நேராகவும் இருப்பதில்லை, கடித்த முறுக்கு மாதிரி உள்ளே வெளியே என்று உடைந்திருக்கிறது. மழைக்காலத்தில் அந்தப் படியை ஒட்டி நீர் ஓடிச் சரளையைக் கொண்டுவந்து கொட்டும். சக்கரம் ஒருமுறை அந்தப் படியில் இறங்கிவிட்டால் திரும்ப ஏறுவது கடினம். சாய்வாக ஏற முயன்றால் டயர் விளிம்பில் வழுக்கி, சைக்கிள் சாலையின் பக்கமாகவே சாயும். பின்னால் வருகிறவர் "திடீர்னு குறுக்க விழுந்துட்டான்" என்று சொல்கிற விபத்துகளில் எத்தனையோ இப்படிப்பட்ட நாலு விரல் படியில் தொடங்குபவை. சில இடங்களில் படிக்கு அப்பால் மண்ணும் இல்லை. பாசன வாய்க்கால்தான்.

இரண்டு பக்கமும் கேன் தொங்கவிட்ட பால்காரர் சைக்கிளைப் பாருங்கள். கேரியரின் இரு புறமும் இரும்புக் கொக்கியில் கேன்கள், ஹேண்டிலில் ஒரு சின்னத் தூக்கு. பின்பக்க அகலம் ஹேண்டில்பாரைவிட அதிகம். பால் தளும்பும்போது சைக்கிளும் கூடவே ஆடும், குறிப்பாகக் கேன் பாதி நிறைந்திருக்கும்போது. இந்த வண்டியை விளிம்பிலேயே ஓட்டு என்பது நடக்கிற காரியமா? விவரம் தெரிந்த பால்காரர்கள் விளிம்பிலிருந்து இரண்டடியாவது உள்ளே தள்ளித்தான் ஓட்டுகிறார்கள். பின்னால் ஹாரன் அலறினாலும் அசைய மாட்டார்கள், இடம் கண்டபிறகு இறங்கி வழிவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்குத் திமிராகத் தெரியும் இது, அளவோடு பார்த்தால் சரியான ஓட்டுமுறை. பிரிட்டனில் அரசு வெளியிடும் சாலை நெறி நூல் சைக்கிள்காரர்களுக்குச் சொல்வதும் இதேதான். வேகமான சாலையில் விளிம்பிலிருந்து குறைந்தது அரை மீட்டர் உள்ளே ஓட்டு, ஆளில்லாத சாலையிலும் நெரிசலில் மெதுவாகப் போகும்போதும் தடத்தின் நடுவிலேயே ஓட்டு என்கிறது. 2022 ஜனவரியில் அதைத் திருத்தியபோது, சைக்கிளைத் தாண்டும் வண்டி மணிக்கு 30 மைல் வேகம்வரை குறைந்தது ஒன்றரை மீட்டர் விட வேண்டும், அதற்கு மேல் வேகமென்றால் இன்னும் விட வேண்டும் என்று எண்ணாகவே எழுதிவிட்டார்கள். ஜெர்மனி 2020இல் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியில் இரண்டு மீட்டர் என்று சட்டமாக்கியது. பிரான்ஸில் ஊருக்குள் ஒரு மீட்டர், வெளியில் ஒன்றரை.

சரி, நம் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலரும் நினைக்காத ஒரு விஷயம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பெயருக்கேற்ப மோட்டார் வாகனங்களுக்கானது. சைக்கிள் அதில் வாகனமாகவே வராது. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம், ஹெல்மெட் கட்டாயமில்லை. பேட்டரி சைக்கிளும்கூட மோட்டார் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழ், எடை 60 கிலோவுக்குள் என்று இருந்தால் சைக்கிள் மாதிரிதான். சிக்னலையும் சாலைக் குறிகளையும் மதிக்கச் சொல்லும் 119ஆம் பிரிவு "மோட்டார் வாகனத்தின் ஓட்டுநர்" என்றே ஆரம்பிக்கிறது. சாலை விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் 118ஆம் பிரிவும் மோட்டார் வாகனம் ஓட்டுவதைப் பற்றியதே. அந்தப் பிரிவின் கீழ் 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் சைக்கிள்காரர் பெரும்பாலும் கடமை உள்ளவராக இல்லாமல், கடமைக்கு உரியவராக வருகிறார். நடந்து போவோர், சைக்கிளில் போவோர், குழந்தைகள், முதியவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்புக்குத் தனிக் கவனம் எடுப்பது வண்டி ஓட்டுகிறவர் பொறுப்பு என்கிறது அது. எத்தனை மீட்டர் விட வேண்டும் என்ற எண் அதில் இல்லை. வளைவிலும் மேட்டிலும் எதிரே பார்வை மறையும் இடத்திலும் தாண்டக்கூடாது, தொடர்கோடு போட்ட இடத்தில் கோட்டைக் கடக்கக்கூடாது என்பவை உண்டு. இதையும் அந்த 3.5 மீட்டர் கணக்கையும் சேர்த்துப் படித்தால் முடிவு தெளிவு. தொடர்கோடு இருக்கும் வளைவில் பஸ் ஒரு சைக்கிளின் பின்னால் மாட்டிக்கொண்டால், வளைவு முடியும்வரை அதன் பின்னாலேயே வர வேண்டும். சட்டப்படி வேறு வழி கிடையாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதிக்கு மாறாகத் தாண்டுவது 184ஆம் பிரிவில் "ஆபத்தான முறையில் ஓட்டுதல்" என்பதற்குள் வருகிறது. முதல்முறைக்கே ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சைக்கிளை உரசிப் போனதற்காக இதில் வழக்குப் போட்டதாக எங்கேனும் காதில் விழுகிறதா? விழாது. போலீஸ்காரருக்கு அளந்து காட்ட ஒரு எண் இல்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

சைக்கிள்காரரைச் சட்டம் முழுசாக விட்டுவிட்டது என்றும் எண்ண வேண்டாம். பொதுவழியில் கண்மூடித்தனமாக ஓட்டி ஆளுக்கு ஆபத்து விளைவிப்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 279, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 281. அது "எந்த வாகனமும்" என்கிறது, சைக்கிளும் அதில் அடங்கும். ஆறு மாதம்வரை சிறை, ஆயிரம் ரூபாய்வரை அபராதம்.

ஒரு காலத்தில் சட்டம் சைக்கிள்காரரைத்தான் துரத்தியது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் வரி கட்டி, தகர வில்லை வாங்கி சைக்கிளில் மாட்ட வேண்டும். ராத்திரி லைட் இல்லாமல் போனால் பிடிப்பார்கள், டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள், காற்றைப் பிடுங்கி விடுவார்கள். போலீஸ்காரரைத் தூரத்தில் பார்த்ததும் பின்னால் இருப்பவன் குதித்து நடக்க ஆரம்பிப்பான். சாலையில் சைக்கிள் நிறைய, மோட்டார் கொஞ்சம் என்பதால் ஒழுங்குமுறையும் சைக்கிளை நோக்கியே இருந்தது. மோட்டார் பெருகியதும் கவனம் அந்தப் பக்கம் போனது. வில்லையும் போனது, டைனமோவும் போனது. போனதில் டைனமோவுக்கு மட்டும் நான் வருத்தப்படுவேன். இப்போதைய சைக்கிள்களில் முக்கால்வாசி விளக்கில்லாமல் இருட்டில் போகின்றன.

கேமரா வந்ததும் இந்தச் சாய்வு இன்னும் கூடியது. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்களை வைத்து அபராதம் போடத் தொடங்கினார்கள். ஹெல்மெட், சீட் பெல்ட், கையில் போன், பைக்கில் மூன்று பேர் என்று கேமரா பார்த்துவிடும். நல்லதுதான். வாளையார் தாண்டியதும் நம் கோவைக்காரர்கள் அவசரமாக பெல்ட் மாட்டுகிற காட்சியே அதற்குச் சாட்சி. ஆனால் கேமராவுக்குத் தெரிவது வண்டிக்குள் நடப்பதும், வண்டியின் நம்பரும். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்பது அதற்குத் தெரியாது. எல்லைச் சாலையில் சைக்கிள்காரரின் உயிர் இருப்பது அந்த நடு இடத்தில்தான்.

எல்லை என்பதால் மட்டும் வந்த மாற்றம் இன்னொன்று உண்டு. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அதற்கு முன் வாளையாரில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நிற்கும். வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு அளவுக்கு நின்று, சீல் வாங்கி, டீ குடித்துவிட்டு உருண்டு போகும். டிரைவர்களுக்கு அது நரகம், அவர்கள் நேரம் மிச்சமானதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சோதனைச் சாவடிக்கு இரு புறமும் இருந்த ஊர்களுக்கு அந்த வரிசை யாரும் கட்டாத ஒரு வேகத்தடையாக இருந்தது. தடை போனபோது அதற்குப் பதிலாக ஒன்றும் வைக்கவில்லை. சாவடியை ஒட்டிய பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, கள்ளுக்கடை, காய்கறிச் சந்தை எல்லாம் அதே இடத்தில் இருக்கின்றன. வண்டிகள் மட்டும் நெடுஞ்சாலை வேகத்தில் அவற்றின் ஊடாகப் போகின்றன.

வேகம் என்று சொல்லும்போது, 30இல் வரும் வண்டிக்கும் 60இல் வரும் வண்டிக்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு என்று தோன்றும். மோதும் ஆற்றல் நாலு மடங்கு. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நாலு சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 2022இல் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,000க்கும் மேல், சைக்கிளில் போனவர்கள் 4,000க்கும் மேல். இரும்புக் கூண்டு இல்லாதவர்கள் இவர்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் தருகிறது. 2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்து அப்புறம் எல்லோருக்கும் விரிந்த திட்டம். ஒரே மாதிரி சைக்கிள்கள் சாலையில் வரிசையாகப் போவதைப் பார்க்க அழகு. சைக்கிளைக் கொடுக்கிற துறை ஒன்று, அது ஓட வேண்டிய சாலையைப் போடுகிற துறை வேறு. இரண்டும் உட்கார்ந்து பேசினதற்கான தடயம் சாலையில் தெரியவில்லை.

அந்தப் பிள்ளைகளிடம் சில வீடுகளில் சொல்லி அனுப்புகிறார்கள்: "எதிர்ல வர்ற வண்டி தெரியற மாதிரி வலது பக்கமாப் போ." நடக்கிறவருக்குச் சரியான யோசனை இது, சைக்கிளுக்குத் தவறு. மணிக்கு 15இல் போகும் சைக்கிளை 60இல் வரும் வண்டி பின்னாலிருந்து நெருங்கினால் இருவருக்கும் நடுவில் வேக வித்தியாசம் 45. எதிரெதிரே வந்தால் 75. டிரைவருக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம் ஐந்தில் மூன்று பங்காகக் குறைகிறது. நடக்கிறவர் சட்டென்று மண்ணில் ஒதுங்கலாம், சைக்கிள் ஒதுங்க முடியாது. சந்திப்புகளில் இன்னும் மோசம், கிளைச் சாலையிலிருந்து இடது பக்கம் திரும்புகிற டிரைவர் வலது பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தவறான பக்கத்தில் வரும் சைக்கிள் அவர் பார்க்காத திசையிலிருந்து வருகிறது.

ஆனாலும் கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலைகளுக்குப் போகிற வடநாட்டுத் தொழிலாளர்கள் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் சைக்கிள் மிதிப்பதைப் பார்த்துவிட்டு, படிப்பறிவில்லாதவர்கள் என்று திட்டிவிடுவது எளிது. நாலுவழிச் சாலையில் நடுத்தடுப்பு கட்டிவிட்டால், எதிர்ப்பக்கம் போக வேண்டியவர் அடுத்த திறப்புவரை மிதித்துப் போய்த் திரும்பி அதே தூரம் மறுபடி வர வேண்டும். காருக்கு அது இரண்டு நிமிஷம். ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆளுக்கு அது கால்மணி நேரம், அதுவும் எதிர்க்காற்றில். தவறான பக்கம் போவது தவறுதான். அந்தத் தவறைச் செய்யச் சொல்லி வடிவமைத்த சாலையும் அதில் பங்காளி. மைசூர் விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரதானப் பாதையில் பைக், ஆட்டோ, டிராக்டர், மோட்டார் இல்லாத வண்டிகள் எதுவும் வரக்கூடாது என்று தடுத்தார்கள். பக்கத்தில் சர்வீஸ் ரோடு இருந்ததால் அப்படித் தடுக்க முடிந்தது. நம் நெடுஞ்சாலையில் சைக்கிளுக்குத் தடை இல்லை. தடை போட்டால் போவதற்கு வேறு சாலையும் பல இடங்களில் இல்லை.

காற்று என்றேனே. இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லாமல் விட முடியாது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறெங்கும் இவ்வளவு பெரிய இடைவெளி கிடையாது. ஆனி, ஆடியில் மேல்காற்று கேரளத்திலிருந்து இதன் வழியாகப் பாய்ந்து வரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை இந்தப் பக்கத்துச் சைக்கிள்காரர் யாரும் மிகை என்று சொல்ல மாட்டார். கார்த்திகை, மார்கழியில் காற்று அப்படியே திரும்பி, கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கும். மலையாளிகள் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை.

வாளையார், பாலக்காடு சாலை காற்றின் திசையிலேயே போவதால் அங்கே காற்று முன்னாலோ பின்னாலோ இருக்கும். மிதிக்கக் கஷ்டம், அவ்வளவுதான். வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வடக்கு தெற்காக வரும் சாலையில் காற்று பக்கவாட்டில் அடிக்கும், அங்கேதான் ஆபத்து. ஆடி மாசம் தெற்கே போகிற சைக்கிள்காரருக்கு மேல்காற்று வலப்பக்கத்திலிருந்து வருகிறது. விழாமல் இருக்க அவர் தன்னை அறியாமலே வலது பக்கம், அதாவது சாலையின் நடுப்பக்கம், உடம்பைச் சாய்த்துக்கொண்டு ஓட்டுவார். அப்போது ஒரு லாரி அவரைத் தாண்டுகிறது. லாரியின் முகம் தள்ளிக்கொண்டு வரும் காற்று முதலில் அவரை வெளியே தள்ளும். அடுத்த நொடி லாரியின் உடம்பு மேல்காற்றை முழுசாக மறைத்துவிடும். சாய்ந்திருந்த உடம்புக்குத் தாங்கல் போய்விட, சைக்கிள் லாரியை நோக்கி இழுபடும். லாரி கடந்ததும் மேல்காற்று மறுபடி ஓங்கி அறைந்து ஓரத்துக்குத் தள்ளும். மூன்றும் இரண்டு மூன்று நொடிக்குள். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் இந்தக் கூத்து நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. "நான் தொடவே இல்லீங்க, அவனா வந்து விழுந்தான்" என்று டிரைவர் சொல்வது பல சமயம் உண்மையாகவே இருக்கும். தொடாமலே வீழ்த்த முடியும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

டிரைவர் பக்கத்து நியாயமும் இல்லாமல் இல்லை. ராத்திரி எதிரே வருகிறவன் டிம் அடிக்காமல் ஹைபீமில் வந்தால், அவன் கடந்த பிறகும் சில நொடிகள் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்த இருட்டில் விளக்கில்லாத, ரிஃப்ளெக்டர் உடைந்த, கறுப்புச் சட்டை போட்ட ஒரு சைக்கிள் இருந்தால் அவர் என்ன செய்ய முடியும்? பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு கடையில் கிடைக்கிறது, விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். மட்கார்டில் ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கர் அதிலும் மலிவு. வாய்க்கால் பாலத்திலிருந்து திரும்பிப் பார்க்காமல் சாலையில் ஏறுகிற பழக்கமும் நம் ஆட்களிடம் உண்டு. கையைக் காட்டித் திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள், வில்லை காலத்தில் பழகியவர்கள்.

தனிப்பாதை போட்டுவிட்டால் இந்தச் சண்டையே வேண்டாம் என்பார்கள் சிலர். சாலைகளுக்கு அளவு வகுக்கிற பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸ் சைக்கிள் பாதைக்கு 1962இலேயே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மணிக்கு 200 மோட்டார் வண்டிகளுக்கு மேல் போகும் சாலையில், மணிக்கு 100 சைக்கிள்தான் போகிறது என்றாலும் தனிப்பாதை நியாயமே என்றது அது. 2015இல் அதைப் புதுப்பித்தும் விட்டார்கள். 200 வண்டி என்ற கணக்கை நம் எல்லைப் பிரதானச் சாலைகள் எப்போதோ தாண்டிவிட்டன. சைக்கிள் நூறுதான் இப்போது தேறாது. பயந்து பலர் மொபெட்டுக்கு மாறிவிட்ட பிறகு எண்ணிக்கை எப்படித் தேறும்? எனக்குத் தனிப்பாதையில் பெரிய நம்பிக்கை இல்லை, கேரளப் பக்கம் சாலையோரம் உடனே மதில் வந்துவிடுகிறது, நிலம் எடுப்பது லேசில்லை. சாலையின் இரு ஓரத்திலும் ஒன்றரை மீட்டருக்குத் தார் போட்ட தோள்பட்டை, அதாவது ஓரப்பட்டை, இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இருவழித் தேசிய நெடுஞ்சாலைகளுக்குத் தார் போட்ட தோள்பட்டை ஏற்கெனவே விதியில் இருக்கிறது. மாநிலச் சாலைகளுக்கும் அது வந்து, அதன் மேல் வண்டிகளை நிறுத்தாமலும் இருந்தால் சரி.

சட்டத்தில் ஒரு கதவும் திறந்திருக்கிறது. 2019 திருத்தத்தில் 138ஆம் பிரிவில் 1ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். மோட்டார் இல்லாத வண்டிகளும் நடப்போரும் சாலையைப் பயன்படுத்துவது பற்றி மாநில அரசுகள் விதி வகுக்கலாம் என்கிறது அது. பெரும்பாலான மாநிலங்கள் வெகுகாலம் அதைத் தொடவில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில்தான், சாலைப் பாதுகாப்புக்கு 2014இல் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. ராதாகிருஷ்ணன் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். அதே வழக்கில் 2025 அக்டோபரில், 138 1ஏ பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் விதிகளை வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் நீதிமன்றம் உத்தரவிட்டது. எனக்கு இதில் ஒரே கவலை, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வகுக்கும். ஒன்றரை மீட்டர் என்று ஒரு பக்கமும் "போதிய இடைவெளி" என்று மறுபக்கமும் எழுதினால், கோபாலபுரத்தில் சாலையின் பாதியிலேயே சட்டம் மாறும். இரு மாநிலத்துக்கும் ஒரே எண் வேண்டும், எல்லையோரப் பஞ்சாயத்துகள் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் கேட்டு எழுத வேண்டியது அதைத்தான்.

விபத்து நடந்த பிறகு எல்லை எப்படிக் குறுக்கே வருகிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சிப் பக்கத்தில் அடிபட்டால், "அது எங்க லிமிட் இல்ல" என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்பக்கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும். அப்புறம் உரிய ஸ்டேஷனுக்கு மாற்றிக்கொள்வார்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது மோதிய டிரைவரின் கடமை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு. உதவிக்கு வந்த வழிப்போக்கரைச் சாட்சி சொல்லு, பணம் கட்டு என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது, 134ஏ அதற்குப் பாதுகாப்பு. 2025 மே மாதம் அறிவித்த திட்டப்படி, மோட்டார் வாகனத்தால் அடிபட்டவருக்கு நியமிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழு நாள்வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லா சிகிச்சை உண்டு. சைக்கிள்காரருக்கு இன்ஷூரன்ஸ் இல்லையே என்று யாரும் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், பொறுப்பு மோதிய வண்டியின் மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸுக்கு. வண்டி நிற்காமல் ஓடி, அடையாளமே தெரியாமல் போனாலும், 2022 ஏப்ரல் முதல் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் என்று அரசு நிதியிலிருந்து தருகிறார்கள். அதற்கு முன் அது 25,000மும் 12,500மாக இருந்தது.

இழப்பீட்டு வழக்கை விபத்து நடந்த மாநிலத்தில்தான் போட வேண்டும் என்பதும் தப்பான நினைப்பு. விபத்து நடந்த பகுதி, வழக்குப் போடுகிறவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் பகுதி, எதிர்த்தரப்பு வசிக்கும் பகுதி என இவற்றில் எந்த இடத்துத் தீர்ப்பாயத்தையும் நாடலாம் என்று 166ஆம் பிரிவு சொல்கிறது. உடுமலைப்பேட்டை லாரி மோதினாலும் கொழிஞ்சாம்பாறைக்காரர் பாலக்காட்டிலேயே வழக்காடலாம். ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2019 திருத்தம் கெடு வைத்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன, இருந்தாலும் கெடுவுக்குள் போட்டுவிடுவதே புத்தி. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது "பின்னால் விளக்கு இருந்ததா, எந்தப் பக்கம் ஓட்டினார்" என்றுதான். சைக்கிள்காரர் பேரிலும் கவனக்குறைவு உண்டு என்று தீர்ப்பானால் தொகையில் அந்தப் பங்கைக் கழித்துவிடுவார்கள். நசுங்கிய சைக்கிள் வீட்டு வாசலில் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள், அதைச் செய்யக்கூடாது. எந்தப் பக்கம் இடி விழுந்தது, ரிஃப்ளெக்டர் இருந்ததா என்பதற்கு அந்தச் சைக்கிள்தான் சாட்சி. முதல் நாளே நாலு பக்கமும் போட்டோ எடுத்து, வழக்கு முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.